கிண்டி புளூ கிராஸ்: ஆதரவளிக்க எண்ணுவோருக்காக ஒரு மதிப்பீடு

சென்னையில் அடிபட்டுக் கிடக்கும் நாயையோ பள்ளத்தில் விழுந்த கன்றையோ காண்பவருக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் புளூ கிராஸ். கிண்டியில் வேளச்சேரி சாலையில் இயங்கும் அதன் காப்பகத்தையும் மருத்துவமனையையும், நன்கொடை தரவோ ஒரு விலங்கைத் தத்தெடுக்கவோ எண்ணுபவரின் பார்வையிலிருந்து இங்கே மதிப்பிடுகிறேன். மருத்துவமனையாகவும் கருத்தடை மையமாகவும் அது முழு ஆதரவுக்குத் தகுதியுடையது என்பதும், வளர்க்க மனமில்லாத விலங்கைக் கொண்டுபோய் விட்டுவரும் இடமாக அதைக் கருதக் கூடாது என்பதும் என் முடிவு.

விமானியான கேப்டன் வி. சுந்தரமும், அவரைப் போலவே விமானம் ஓட்டிய அவர் மனைவி உஷா சுந்தரமும் குடும்பத்தாருடன் 1959இல் தொடங்கிய பணி, 1964இல் பதிவு பெற்ற அமைப்பாயிற்று. மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்த காலம் அது. எத்தனை கொன்றாலும் எண்ணிக்கை குறையவில்லை. காலியான தெருவில் குப்பையும் மிச்சச் சோறும் அப்படியே இருந்ததால் அடுத்த தெரு நாய்கள் அங்கே வந்து குட்டி போட்டன. கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்ற வழியை இவ்வமைப்பு 1964 முதலே முன்வைத்துச் செயல்படுத்தியும் வந்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று. 2001இல் அதுவே நாடு முழுமைக்குமான விதியாகி, 2023இல் புதிய விதிகளாகத் திருத்தி எழுதப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு மேல் விடாப்பிடியாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கும் அமைப்புகள் நம்மிடையே அதிகம் இல்லை.

இந்தப் பணியின் பயனை நன்கொடையாளர் தம் தெருவிலேயே பார்க்கலாம். கருத்தடை செய்யப்பட்ட நாயின் காது நுனியில் அடையாளத்துக்காகச் சிறு வெட்டு இருக்கும். ஒரு தெருவிலுள்ள நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வெட்டு இருந்தால், அங்கே குட்டிகளும் குறையும், இனப்பெருக்கக் காலச் சண்டைகளும் குறையும். காப்பகத்தில் எத்தனை விலங்குகள் இருக்கின்றன என்பதைவிட, எத்தனை விலங்குகளுக்குக் காப்பகமே தேவைப்படாமல் போயிற்று என்பதைத்தான் நான் அளவுகோலாகக் கொள்வேன்.

கூட்டம் என்பது எந்தக் காப்பகத்துக்கும் தீராத தலைவலி. தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு வழி தவறிய நாய்களும், சென்னை வெயிலுக்குச் சற்றும் ஒவ்வாத ஹஸ்கி போன்ற நாய்களும், ஈன்று ஈன்று ஓய்ந்தபின் விற்பனைக்காரர்களால் கைவிடப்பட்ட பெட்டை நாய்களும் காப்பகங்களை நிறைக்கின்றன. பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இருந்தும் இரவோடிரவாகக் காப்பக வாசலில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் அதைப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். இன்னும் தடுப்பூசி போடாத குட்டிகளை நல்லெண்ணத்தோடு அங்கே சேர்ப்பதும் ஆபத்தானதே. குட்டிகளுக்கு உயிராபத்தான வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் தங்கக்கூடியது. பல இடங்களிலிருந்து வரும் நாய்கள் கூடும் இடத்தில், எவ்வளவு கழுவித் துடைத்தாலும், சில வாரக் குட்டிக்கு அது எளிதில் தொற்றிவிடும். தாய் அருகிலிருக்கும் ஆரோக்கியமான குட்டிகளைத் தெருவிலேயே விட்டு, தாய்க்கு உணவளித்து, தடுப்பூசிக்குரிய ஆறு முதல் எட்டு வார வயதில் மருத்துவரிடம் காட்டுவது மேலானது.

2025 ஆகஸ்டில் தில்லிப் பகுதித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், அதே மாதத்தில் அதனைத் திருத்தி, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பின் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை போன்ற வளாகங்களிலிருந்து பிடிக்கும் நாய்களை அங்கே திரும்ப விடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. ஆகவே, காப்பகங்களின் சுமை இனி கூடுமேயன்றிக் குறையாது.

இந்நிலையில் எப்படி உதவலாம்? பிறந்தநாளன்று ஒருமுறை பெருந்தொகை தருவதைவிட, மாதந்தோறும் தவறாமல் வரும் சிறு தொகை மேல். மருந்தும் சம்பளமும் ஆம்புலன்ஸ் எரிபொருளும் மாதந்தோறும் வரும் செலவுகள் அல்லவா? பழைய போர்வைகளும் நாளிதழ்களும் பயன்படும். இனிப்பு பிஸ்கட் பொட்டலங்கள் கொடுப்பவருக்கு மகிழ்ச்சி தருமேயன்றி நாய்க்கு நல்லதல்ல. அறுவைக்குப் பின் தேறிவரும் ஒரு விலங்கைச் சில வாரங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர், கூண்டில் ஓர் இடத்தைக் காலியாக்கித் தருகிறார். என் கணக்கில் அது பணத்தைவிடப் பெரிய உதவி.

தத்தெடுக்கச் செல்பவர் குட்டிகளை மட்டும் கேட்காமல், வளர்ந்த நாட்டு நாய்களையும் பார்க்க வேண்டும். வளர்ந்த நாயின் உருவமும் குணமும் முன்னமே தெரிந்துவிடும்; குழந்தைகளோடு அது எப்படிப் பழகுகிறது என்பதைப் பராமரிப்பாளரிடம் கேட்டறியலாம்; இங்குள்ள வெயிலையும் அது நன்றாகத் தாங்கும். வாடகை வீட்டில் இருப்போர் உரிமையாளரின் சம்மதத்தை முன்னதாகவே பெற்றுக்கொண்டு செல்வது நல்லது. ஒரே மாதத்தில் திருப்பி அனுப்பப்படும் நாய்க்கு மீண்டும் வீடு அமைவது எளிதன்று.