கைலியா, ஜீன்ஸா?

மியான்மரின் யங்கூனில் கல்லூரிக்குப் போகும் பையன் கையில் நாலு காசு சேர்ந்தால் கண் முதலில் ஜீன்ஸ் மேல்தான் போகும். எனக்கும் அப்படித்தான். ஒரு ஜீன்ஸுக்கு நான் கொட்டிக் கொடுத்த காசில், அம்மா தெய்ஞ்சி சந்தையில் மூன்று பருத்திக் கைலி வாங்கிவிட்டார்.

மே முதல் அக்டோபர் வரை மழை. துவைத்துப் போட்ட ஜீன்ஸ் மூன்றாம் நாளும் இடுப்புப் பட்டையில் ஈரம் விடாது, லேசாக நாற்றமும் அடிக்கும். கைலி மின்விசிறிக் காற்றில் ஒரே ராத்திரியில் காய்ந்துவிடும். இடுப்பு அளவு பிரச்சினையும் இல்லை. உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் முன்னால் போடும் முடிச்சு பார்த்துக்கொள்ளும். பச்சையும் ஊதாவும் கலந்த, கச்சின் இன மக்களின் கட்டம் போட்ட கைலி, மேலே சுருக்கமில்லாத வெள்ளைச் சட்டை: இதற்கு மேல் என்ன வேண்டும்?

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. பை கிடையாது. போனைப் பின்னிடுப்பில் செருகிக்கொண்டு பஸ் நெரிசலில் நிற்பது எனக்கு இன்னும் பயம்தான். அங்கே ஜீன்ஸ்தான் ஜெயிக்கும்.

இருக்கும் காசுக்கு இரண்டு கைலி முதலில், அப்புறம் அடர்நீலத்தில் கிழிசல் இல்லாத ஒரே ஜீன்ஸ். புதுக் கைலியை முதல் தடவை தனியாக நனையுங்கள். என் வெள்ளைச் சட்டை ஒன்று ஊதாவானது அப்படித்தான்.