11,800 ரூபாயும் போச்சு, வார்ப்பும் போச்சு

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பழைய ஃபிலிம் கேமரா லென்ஸை வாங்கி டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் படம் எடுக்கும் ஆசை யாருக்காவது இருந்தால் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போனது 11,800 ரூபாய். எனக்கு அது சின்னத் தொகை இல்லை.

ஊர் கும்பகோணம். கையில் இருப்பது சோனி ஏ6000, அதோடு வந்த 16-50 லென்ஸ். பகலில் குறை சொல்ல மாட்டேன். இருட்டு என்று வந்துவிட்டால் அந்த லென்ஸ் கையை விரித்துவிடும். 50 மி.மீ.க்கு இழுத்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலமாகும்). எஃப் 1.4 லென்ஸ் அதைப் போல 16 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எனக்கு ஏன் இவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்றால், சுவாமிமலையில் ஒரு சிலைப் பட்டறையில் ஐம்பொன் வார்ப்பைப் படம் எடுக்க அனுமதி கிடைத்திருந்தது. ஆறு மாதமாகக் கேட்டுக் கேட்டு வாங்கிய அனுமதி. மெழுகில் செய்த சிலையின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிய கருவைச் சுட்டு, மெழுகை உருக்கி வெளியே எடுத்து, மண்ணில் புதைத்து வைத்திருப்பார்கள். உலோகம் உருகப் பல மணி நேரம் ஆகும். ஊற்றுவது சில நிமிஷம்தான். பட்டறைக்குள் உலை வெளிச்சத்தைத் தவிர வேறு வெளிச்சம் கிடையாது.

புது எஃப் 1.4 லென்ஸ் வாங்க வசதி இல்லை. பழைய மேனுவல் லென்ஸ் தேடினேன். பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு ஆப்பில் சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 ஒன்று கிடைத்தது. ஜப்பானில் பென்டாக்ஸ் கேமராக்களுக்காகச் செய்த லென்ஸ். கேமராவில் திருகி மாட்டும், எம்42 என்று சொல்லும் மவுண்ட். நடுவில் அடாப்டர் என்ற இணைப்பு வளையம் ஒன்று போட்டால் என்னுடையது போன்ற மிரர்லெஸ் கேமராவில் உட்கார்ந்துவிடும். அடாப்டரோடு சேர்த்து 11,800. பொருள் வந்து 7 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பலாம், அதுவரை பணம் விற்பவர் கைக்குப் போகாது என்று போட்டிருந்தது. நல்ல ஏற்பாடுதானே என்று நினைத்தேன்.

விற்பவருக்கு போன் போட்டேன். இங்கேதான் நான் விழுந்தேன். கும்பகோணம் என்றதும் அவர் குரலே மாறிவிட்டது. "அட, நமக்குத் திருவையாறு பக்கம் தம்பி. குறுவை நட்டாச்சா உங்க பக்கம்? வாய்க்கால்ல தண்ணி வருதா?" என்று கேட்டார். நான் நிலம் வைத்திருப்பவன்கூட இல்லை. ஆனாலும் மனசு குளிர்ந்துவிட்டது. அவர் அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தாராம், இது அவர் கை பட்ட லென்ஸாம். கடைசியில் ஒன்று சொன்னார்: "காவேரித் தண்ணி குடிச்சவன் இன்னொரு காவேரித் தண்ணி குடிச்சவனை ஏமாத்துவானா தம்பி?"

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. "சரிண்ணே" என்று சொல்லிப் பணத்தைப் போட்டுவிட்டேன். போன் பேசிய நேரம் பதினோரு நிமிஷம். நிமிஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல்.

ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தார். டியூப்லைட் அடியில் லென்ஸைப் பிடித்து, லென்ஸின் திறப்பைக் கூட்டிக் குறைக்கும் அப்பெர்ச்சர் வளையத்தை 16-ல், அதாவது கிட்டத்தட்ட மூடி வைத்து, "பாருங்க, பிளேடுல ஒரு சொட்டு எண்ணெய் இல்லை" என்று காட்டினார். உண்மையிலேயே எண்ணெய் இல்லை. அந்தத் திறப்பை மூடும் பிளேடு மூடியிருந்தால் பின்னால் இருக்கும் கண்ணாடி தெரியாது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பார்சல் வந்தது. பழைய தோல் உறைக்குள் இருந்தது. திறந்ததும் ஒரு வாசனை. ஆகா, பழைய காலத்து வாசனை என்று மூக்கோடு வைத்து முகர்ந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடா மக்கின வாடை?" என்றார். அம்மாவுக்குக் கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

மாட்டியதும் ஷட்டர் அடிக்கவே இல்லை. பதறிப்போய் அவருக்கே போன் போட்டேன். பொறுமையாகச் சொன்னார்: பழைய லென்ஸில் மின்தொடர்பு கிடையாது, கேமரா தன்னிடம் லென்ஸே இல்லை என்று நினைத்துக்கொள்ளும், மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போடுங்கள் என்று. போட்டேன், அடித்தது. ஃபோகஸ் சேரும் விளிம்புகளில் நிறம் காட்டும் பீக்கிங்கை எப்படிப் போடுவது என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நண்பனிடம் சொன்னேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் நாள் மொட்டை மாடியில் ஏறிச் சாரங்கபாணி கோயில் ராஜகோபுரத்தை எடுத்துப் பார்த்தேன். படம் முழுக்க டீ டிகாஷன் ஊற்றியது போல மஞ்சள். கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பலாக இருந்தது. ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பியும் கோபுரத்துச் சுதைகள் கூர்மையாக வரவில்லை. மறுபடி போன்.

"தம்பி, மேனுவல் லென்ஸ்னா ஃபோகஸ் உங்க கையிலதான் இருக்கு, பழகணும். மஞ்சளுக்குக் காரணம் தோரியம். அந்தக் காலத்துக் கண்ணாடியில சேர்ப்பாங்க. ஒரு வாரம் பத்து நாள் வெயில்ல வைங்க, பளிச்னு ஆயிடும்."

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் சொன்னது பொய் இல்லை. அந்த லென்ஸின் பிற்காலத்து வகையில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, அது வருஷம் ஆக ஆக மஞ்சளாகும், புற ஊதா ஒளி பட்டால் தெளியும். எல்லாம் நானே தேடிப் படித்து உறுதி செய்துகொண்டேன். தீப்பிடிக்காமல் இருக்கப் பின்பக்கம் அலுமினியத் தாள் சுற்றி, காலையில் வற்றல் காயவைக்கும் அம்மாவோடு நானும் மாடி ஏறி லென்ஸைக் காயவைத்தேன். மஞ்சள் நன்றாகவே குறைந்தது. சந்தோஷப்பட்டேன். நான் வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் 7 நாள் கெடு முடிந்தது. பணம் அவர் கைக்குப் போய்விட்டது.

நேற்று முன்தினம் வார்ப்பு. உலை மூடியைத் திறந்தார்கள். என் திரையில் உலை தெரியவில்லை, ஒரு வெள்ளைப் புகைமூட்டம்தான் தெரிந்தது. வெளிச்சம் நேராக லென்ஸில் பட்டதும் படம் முழுக்க ஒளி பரவி, ஊற்றுகிற கைகளே காணாமல் போய்விட்டன. பீக்கிங்குக்கும் விளிம்பு பிடிபடவில்லை, நிறமே காட்டவில்லை. பதறிப் பழைய லென்ஸைக் கழற்றி 16-50-ஐ மாட்டி நிமிர்ந்தால் ஊற்றி முடித்துவிட்டார்கள். "என்னப்பா, எடுத்தியா?" என்று பெரியவர் கேட்டார். எடுத்தேன் என்று பொய் சொன்னேன்.

நேற்று தஞ்சாவூரில் கேமரா பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கம் டார்ச் அடித்து, "நீங்களே பாருங்க" என்றார். சிலந்திவலை போல ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. கண்ணாடியின் மேல்பூச்சையும் தாண்டிக் கண்ணாடியை அரித்துவிட்டது, துடைத்தால் தழும்பு நிற்கும் என்றார். ஏற்கெனவே யாரோ திறந்து முன்பக்கத்தை மட்டும் துடைத்து மூடிய கீறலும் வளையத்தில் இருந்தது. அடாப்டரும் கோணல்தான். எம்42 லென்ஸுக்கும் சென்ஸாருக்கும் இடைவெளி 45.46 மி.மீ. இருக்க வேண்டும். சோனி மவுண்டிலேயே 18 போய்விடும், மீதி 27.46-ஐ அடாப்டர் கொடுக்க வேண்டும். இது அதைவிடத் தடிமன். அதனால்தான் கோபுரம் கூர்மையாக வரவில்லை. நான் பழகாததால் இல்லை.

அங்கிருந்தே போன் போட்டேன். வாங்கும்போது "தம்பி" என்றவர் இப்போது "சார்" என்றார். "சார், பழைய பொருள்னா அப்படி இப்படித்தான் இருக்கும், பத்து நாள் வச்சிட்டு இப்ப சொல்றீங்களே." வெயிலில் வைக்கச் சொன்னதே நீங்கள்தானே அண்ணே என்றேன். "நம்ம பக்கம் ஈரக்காத்து சார், உங்க வீட்லயே பிடிச்சிருக்கும்." பத்து நாளில், அதுவும் வெயிலில் காயவைத்த லென்ஸில்! அடுத்த தடவை அடித்தபோது "யார் பேசறது?" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

ஆப்பின் சேவைப் பிரிவில் பேசினேன். பேசினேன் என்றால், எழுதினேன்; மனுஷக் குரலே அங்கே கிடையாது. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், திரும்பப் பெறும் காலம் முடிந்துவிட்டது" என்று வந்தது. படங்களை அனுப்பினேன். மறுபடியும் எழுத்துக்கு எழுத்து அதே பதில். மூன்றாவது தடவை எழுதியதும் "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். என்ன தீர்த்தார்கள்? என் 11,800 ரூபாயைத்தான் தீர்த்தார்கள்.

இன்று காலை பார்த்தால் அதே ஆள் வேறொரு லென்ஸுக்கு விளம்பரம் போட்டிருக்கிறார். அதே டியூப்லைட், அதே 16. அதனால்தான் இந்த அவசரம்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குத் தெம்பு இல்லை. சுருக்கமாக: அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து வீடியோ கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். தோல் உறையில் மக்கிய வாடை வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். கெடு இருக்கும்போதே எதிர்வெளிச்சத்தில் நாலு படம், தூரத்துக் கோபுரம் ஒன்று எடுத்துப் பாருங்கள். "வெயிலில் வை, பழகிப் பார்" என்று யார் சொன்னாலும் முதலில் ஆப்பில் புகாரைப் பதிந்துவிட்டு அப்புறம் வெயிலில் வையுங்கள். ஊர்ப் பேச்சை நம்பாதீர்கள், நம்ம ஊராகவே இருந்தாலும்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் கொடுத்திருக்கிறேன். சுவாமிமலையில் அடுத்த வார்ப்பு எப்போது என்று கேட்க இன்னும் எனக்கு முகம் இல்லை.