பூச்சி மருந்து அடிக்க ஆளைக் கூப்பிடும் முன் கூண்டைப் பாருங்கள்

வீட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்கு 8,350 ரூபாய் போனது, கூடவே ஒரு பறவையும் போனது.

மார்ச் கடைசியில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் அம்மாவின் கழுத்திலும் கையிலும் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்புகள், ராத்திரி முழுக்க அரிப்பு. ஹாலில் கூண்டை ஒட்டிப் பாய் போட்டுப் படுப்பது அம்மாதான், ஆனால் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. அப்புறம் மகளுக்கும் வந்தது.

ஆன்லைனில் தேடிப் பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனி ஒன்றைக் கூப்பிட்டோம். வந்தவர் மெத்தையின் ஓரத்தை ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். "மூட்டைப்பூச்சி மேடம், ரெண்டு தடவை அடிச்சா போதும், மூணு மாசம் கேரண்டி." 5,500 ரூபாய். ஒரு பூச்சியைக்கூட அவர் காட்டவில்லை, நானும் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. பறவைகள் இருக்கின்றனவே என்று அம்மா கேட்டதற்கு, "பால்கனியில வெச்சு ஒரு துணியப் போட்டு மூடிடுங்கம்மா, ஒரு மணி நேரத்துல உள்ள எடுத்துக்கலாம், வாசனையே இல்லாத மருந்து" என்றார். அப்படியே செய்தோம். ராத்திரி எட்டு மணிக்கு மஞ்சள் பெண் பறவை கூண்டின் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆட, வாயைத் திறந்து திணறிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் இறந்துவிட்டது.

நான்கே நாளில் அரிப்பு திரும்பியது. கேரண்டி என்று சொன்னவர்கள் "ஸ்ட்ராங் மருந்து" என்று இன்னொரு 2,500 வாங்கினார்கள். இந்தத் தடவை கூண்டைப் பக்கத்து வீட்டில் வைத்தேன். பறவை வாங்கிய கடைக்காரரிடம் போனால், லேபிள் இல்லாத ஒரு சொட்டு மருந்து பாட்டிலை 350 ரூபாய்க்குக் கொடுத்து, பறவையின் வாயில் ஒரு சொட்டு விடுங்கள், எல்லா உண்ணியும் போய்விடும் என்றார். அம்மா அதைத் தொடவிடவில்லை. நல்ல வேளை.

கடைசியில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "கூண்டுல பானை கட்டியிருக்கீங்களா, எங்க வாங்கினது?" பிப்ரவரியில் அதே கடையில், ஏற்கெனவே வேறு ஜோடி குஞ்சு பொரித்த மண் பானையை விலை குறைவு என்று வாங்கியிருந்தோம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கூண்டின் மேல் வெள்ளைத் துணி போடுங்கள், நடுராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள் என்றார்.

இரண்டு மணிக்குப் பார்த்தேன். பறவை உட்காரும் குச்சி கம்பியில் சேரும் இடத்தில் சாம்பல் தூசி மாதிரி அப்பியிருந்தது, உற்றுப் பார்த்தால் அது நகர்ந்தது. துணியில் கசகசாவை விடச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள். ஒன்றை நகத்தால் நசுக்கினேன், துணியில் ரத்தக் கோடு விழுந்தது.

கோழிகளுக்கு வருகிற அதே சிவப்பு உண்ணிதான். பகலில் பறவையின் உடம்பில் இருக்காது. பானையின் வாய், கயிறு, குச்சியின் முனை, சுவர் விரிசல் என்று ஒளிந்திருந்து ராத்திரியில் வந்து ரத்தம் குடிக்கும், பறவை பக்கத்தில் படுத்திருக்கும் மனிதரையும் கடிக்கும், ஆனால் நம் உடம்பில் குடியிருக்காது. மூட்டைப்பூச்சி கொள்ளு அளவு இருக்கும், இது சுமார் 1 மில்லிமீட்டர்தான். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும். ரத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் பரணில் கிடந்த பழைய கூண்டைத் தூசி தட்டிப் பயன்படுத்தாதீர்கள். (அலகைச் சுற்றித் தேன்கூடு மாதிரி பொருக்கு வந்தால் அது வேறு வகை, பறவையின் தோலிலேயே வாழ்வது, அதற்கு மருத்துவம் பறவைக்குத்தான்.)

பானையையும் மரக்குச்சிகளையும் பையில் இறுகக் கட்டி எறிந்தோம். பறவைகளை வேறு கூண்டுக்கு மாற்றிவிட்டு, பழைய கூண்டின் ஒவ்வொரு மூட்டிலும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி வெயிலில் காயவைத்தோம், ஐந்து நாளுக்கு ஒரு தடவை, ஒரு மாதம். டாக்டர் ஒவ்வொரு பறவையையும் கிராம் தராசில் நிறுத்தார். 32 கிராம், 35 கிராம். அந்த எடைக்குக் கணக்குப் பண்ணித்தான் பிடரித் தோலில் ஐவர்மெக்டின் என்ற உண்ணி மருந்தை வைத்தார், இரண்டு வாரம் கழித்து மறுபடியும். அளவு கூடினால் நரம்பு பாதித்துப் பறவையே போய்விடும் என்றார். கடைக்காரர் தந்த பாட்டிலில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

பூச்சி மருந்துக்காரர் வந்தால் பூச்சியைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். மருந்தின் பெயரை பில்லில் எழுதி வாங்குங்கள். பறவைகளின் மூச்சு நம்மைப் போல இல்லை, காற்றில் இருக்கும் விஷம் அவற்றை மிக வேகமாகப் பாதிக்கும். வாசனை இல்லை என்றாலும் அவற்றை வீட்டை விட்டே வெளியே அனுப்பிவிட்டுத்தான் அடிக்கவிட வேண்டும், பால்கனி போதாது.

எங்கள் பில்லில் "ஸ்ப்ரே சர்வீஸ்" என்று மட்டும் இருக்கிறது. என்ன மருந்து என்று நான்கு முறை ஃபோனில் கேட்டேன், இன்னும் பதில் இல்லை. போன வாரம் அந்தக் கடைப் பக்கம் போனபோது, பழைய பானைகள் அதே கயிற்றோடு வாசலில் தொங்குகின்றன.