45 பைசாவா, 1 ரூபாய் 10 பைசாவா? பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து நான்கு வருஷம் கழித்து

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். 2021 கடைசியில் எங்கள் பழைய காகிதங்களை வெளி ஆள் வைத்து ஸ்கேன் செய்தோம். ஏறக்குறைய 1 லட்சத்து 80 ஆயிரம் பக்கம். அப்போதே எழுதியிருந்தால், 'சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுத்தார்கள், நல்ல ஆட்கள்' என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். ஆனால் ஒரு டிசியை (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) அவசரமாகத் தேடும்போதுதான் அந்த வேலை எப்படி நடந்திருக்கிறது என்பது தெரிகிறது. இந்த நான்கு வருஷத்தில் அப்படித் தேடிய நாட்கள் நிறைய. அதனால் இப்போது எழுதுகிறேன்.

ஆரம்பித்து வைத்தது மழை. ரெக்கார்டு ரூம் கூரை ஒழுகி, அடியில் இருந்த கட்டுகள் நனைந்துவிட்டன. 2011-இல் ஹைகோர்ட் உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டோமே, அந்தக் கட்டுகளும் அதில் இருந்தன. அவற்றை வைத்து ஒரு பார்ட்டியோடு கணக்குத் தகராறில் கோர்ட் வழக்கு நடந்துகொண்டிருந்தது. நனைந்த டிசிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஃபேனுக்கு அடியில் உலர்த்தினோம். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திறலாமுங்களா?" என்று கேட்டார்.

முதலில் செய்தது, எதை ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று பிரித்தது. ஆடிட்டர் கூடவே உட்கார்ந்தார். ஜி.எஸ்.டி. கணக்குகளை, வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களுக்கு 8 வருஷம் என்கிறது. அதைத் தாண்டியவற்றில் வழக்கு, அசெஸ்மென்ட் பாக்கி உள்ளவை மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். மூன்றில் ஒரு பங்கு காகிதம் குறைந்தது.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். பக்கத்துக்கு 45 பைசா, 80 பைசா, 1 ரூபாய் 10 பைசா. முதலாளிக்கு 45 பைசாவில்தான் கண். நான் ஒரு வாரம் கேட்டு வாங்கி, மூவருக்கும் ஒரே மாதிரி சோதனைக் கட்டு ஒன்று கொடுத்தேன். இருப்பதிலேயே மோசமான 100 தாள்கள்: மங்கிப்போன கார்பன் நகல் டிசி, எழுத்து பாதி மறைந்த எடை மேடைச் சீட்டு, டாட் மேட்ரிக்ஸ் பிரின்ட், ஏ3 அளவு காஸ்டிங் ஷீட், துணித் துண்டு பின் அடித்த லேப் டிப் (சாயச் சாம்பிள்) அட்டை, தையல் போட்ட லெட்ஜரிலிருந்து நான்கு பக்கம். நல்ல லெட்டர்ஹெட் தாளை யார் வேண்டுமானாலும் நன்றாக ஸ்கேன் செய்துவிடுவார்கள். அதைக் கொடுத்துச் சோதிப்பதில் பயன் இல்லை.

அந்தக் கட்டில் ஒரு டிசியின் பின்பக்கம் பென்சிலில் '2 ரோல் குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. 45 பைசா ஆட்கள் கொடுத்த கோப்பில் அந்தப் பின்பக்கமே இல்லை. வெற்றுப் பக்கங்களைத் தானாக நீக்கும் வசதியைப் போட்டிருந்ததால், மெல்லிய பென்சில் எழுத்தை இயந்திரம் வெறும் தாள் என்று எடுத்துக்கொண்டது. சரக்குக் குறைவுக்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்த ஒரு வரிதான். 1 ரூபாய் 10 பைசா ஆட்கள் அதை வைத்திருந்தார்கள். லேப் டிப் அட்டையையும் தாளை இழுத்து ஓட்டும் ஃபீடரில் விடாமல், ஃபிளாட்பெட் கண்ணாடியில் அசையாமல் வைத்து எடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் நான் முடிவு செய்துவிட்டேன். முதலாளியிடம் இரண்டு பிரின்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவரும் சரி என்றார்.

ஒப்பந்தத்தில் கேட்டு எழுதி வாங்கியவற்றில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர், சில ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் 21.11 சதுர மீட்டர் என்று இருந்த அறை, ஸ்கேனில் 14.13 ஆகிவிட்டது. எழுத்து மங்கவில்லை, பளிச்சென்று தப்பாக இருந்தது. கோப்பின் அளவைக் குறைக்க, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் உருவங்களை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக வைக்கும் சுருக்க முறைதான் காரணம். இதைப் படித்ததிலிருந்து எடை, ரேட் உள்ள எந்தக் காகிதத்துக்கும் அந்த மாதிரிச் சுருக்கம் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். 300 டிபிஐ தெளிவு, நீண்ட காலம் வைத்திருப்பதற்கான பிடிஎஃப்/ஏ வடிவம், உருவத்தை மாற்றி வைக்கும் சுருக்கம் கிடையாது என்று எழுதி வாங்கினோம்.

சம்பள ஃபைல்களில் தொழிலாளர்களின் ஆதார் நகல், பி.எஃப். விவரம் எல்லாம் இருந்ததால் காகிதம் வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டோம். இரண்டு ஸ்கேனரோடு நம் இடத்துக்கே வந்தார்கள். மூன்றாம் நாள் கோப்புகளைத் திறந்தால் பக்கம் முழுக்க மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு. பஞ்சுத் தூசி. ஃபீடர் கண்ணாடியில் ஒரு துகள் உட்கார்ந்தால் போதும், தாள் நகர நகர அது கோடாக விழும். ஓர் இடத்தில் அந்தக் கோடு தொகையில் ஒரு 1-ஐச் சேர்த்தது போலவே இருந்தது. அன்று எடுத்த 3,000 பக்கத்தையும் திரும்ப எடுத்தார்கள், காசு கேட்கவில்லை. அப்புறம் 200 தாளுக்கு ஒரு முறை கண்ணாடியைத் துடைத்தார்கள். பனியன் கம்பெனி வளாகத்துக்குள் ஸ்கேனர் வைப்பவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

டிஸ்க் வந்ததும் 50-க்கு ஒரு பக்கம் காகிதத்தோடு ஒப்பிட்டேன். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக ஓடிய இடங்களில் சில பக்கங்கள் விடுபட்டிருந்தன. பிழை இருந்தால் 60 நாளுக்குள் இலவசமாகத் திருத்தித் தர வேண்டும் என்ற நிபந்தனை அங்கே உதவியது.

நான் தவறு செய்தது இன்டெக்ஸில், அதாவது தேடி எடுக்க உதவும் பட்டியலில். டிசிக்கும் பில்லுக்கும் பார்ட்டி பெயர், எண், தேதி மூன்றையும் இரண்டு பேர் தனித்தனியாக அடித்து ஒப்பிடும் முறையில் ஏற்றச் சொன்னேன். பெயர்கள் ஒரே மாதிரி வர, டேலியிலிருந்து பார்ட்டி பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். வவுச்சர்களுக்கு மட்டும் செலவு அதிகம் என்று நினைத்து, ஃபைல் பெயர் போதும் என்று விட்டுவிட்டேன். ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் இருக்கிறதே, தேடிக்கொள்ளலாம் என்ற எண்ணம். கையெழுத்துத் தமிழிலும் மங்கிய டாட் மேட்ரிக்ஸிலும் எங்களுக்கு வந்த ஓசிஆர் எதற்கும் உதவவில்லை.

2023 செப்டம்பரில் 2017-18-க்கான ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்தது. ஜாப் ஒர்க்குக்கு (வெளியில் கூலிக்குச் செய்து தரும் வேலைக்கு) போன துணி திரும்பி வந்ததற்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். நிட்டிங், டையிங் டிசிகள் 62 வேண்டும். டீ ஆறுவதற்குள் எல்லாம் எடுத்துவிட்டேன். அதே நோட்டீஸுக்கு லாரி வாடகை வவுச்சர்கள் தேட இரண்டு முழு நாள், மூன்று பேர். 400 பக்கக் கோப்புகளை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தோம். வவுச்சருக்கு இன்டெக்ஸ் போடாமல் மிச்சம் பிடித்தது 9,000 ரூபாய்.

வழக்கு விஷயம் வேறு மாதிரி. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டம் வந்துவிட்டது. மின்னணு ஆவணத்துக்கு அதன் 63-ஆம் பிரிவின்படி இரண்டு பகுதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஒரு பகுதியை நாமும் இன்னொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும் எண் அது. எங்கள் ஆட்கள் 2021-லேயே எல்லாக் கோப்புக்கும் எஸ்.எச்.ஏ.-256 முறையில் ஹேஷ் பட்டியல் கொடுத்திருந்ததால், அன்று எடுத்த கோப்புதான் இன்றும் இருக்கிறது என்று காட்ட முடிந்தது. ஆனாலும் வக்கீல் அசலையும் கேட்டார். நனைந்து உலர்த்திய அந்த டிசிகள் அட்டைப் பெட்டியில் அப்படியே இருந்தன, கொடுத்தோம். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று அசலை எடைக்குப் போடச் சொல்லும் ஆட்களை நம்பாதீர்கள்.

பக்கத்துக் கம்பெனியில் ஒருவர் வேறு இடத்தில் கொடுத்தார். காகிதம் எல்லாம் அந்த ஆட்களின் சாஃப்ட்வேருக்குள் போனது, மூன்று வருஷம் இலவசம். அப்புறம் வருடச் சந்தா. கட்டாவிட்டால் தேட முடியாது. கோப்புகளை மட்டும் வெளியே எடுத்தபோது பெயர் எல்லாம் வெறும் எண்ணாக வந்தது. பாவம், திரும்ப முதலிலிருந்து இன்டெக்ஸ் போடுகிறார். எங்களுக்குச் சாதாரண ஃபோல்டரும், எக்செலில் திறக்கும் ஒரு பட்டியலும்தான். இரண்டு டிஸ்க், ஒன்று ஆபீஸில், ஒன்று முதலாளி வீட்டில். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டையும் திறந்து பார்க்கிறேன்.

2021-22 முதல் உள்ள கட்டுகளை இப்போது கொடுக்கப் போகிறோம். அதே ஆட்கள்தான், பக்கத்துக்கு 1 ரூபாய் 40 பைசா கேட்டிருக்கிறார்கள். 100 தாள் சோதனைக் கட்டை இந்த முறையும் கொடுத்திருக்கிறேன். லாரி வாடகை வவுச்சர் ஒவ்வொன்றுக்கும் தேதி, வண்டி எண், பார்ட்டி பெயர் ஏற்ற வேண்டும் என்று ஆர்டரின் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.