பழைய ஹைலக்ஸ் திருத்தக் குடுக்கிற ஆக்கள் ஒருக்கா வாசியுங்கோ, என்ர 9,40,000 ரூபா போச்சு

நேற்றுப் பின்னேரம்தான் எங்கட ஊர் மெக்கானிக் அண்ணை எஞ்சினைக் கழட்டிக் காட்டினவர். இரவு முழுக்க நித்திரை இல்லை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. கராஜின்ர பேர் போடேல்லை. போட்டால் வழக்குப் போடுவன் எண்டு வெருட்டி ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்திருக்கு, வழக்காடவும் என்னட்டக் காசில்லை. கொழும்புப் பக்கம், பழைய ஃபோர்வீல் வாகனங்களைப் புதுசு மாதிரிச் செய்து, முந்தி இப்பிடி இப்ப இப்பிடி எண்டு பாட்டுப் போட்டு வீடியோ விடுற ஒரு இடம். அவ்வளவு போதும்.

வாகனம் அப்பான்ர. ரொயோட்டா ஹைலக்ஸ் எல்என் 106, டபிள் கெப், 3 எல் டீசல் எஞ்சின் (3 எல் எண்டது எஞ்சின்ர மொடல் பேர், லீற்றர் இல்லை). 2011இல ஊருக்குத் திரும்பி வந்து, பத்தை வெட்டி வயலைத் துப்புரவாக்கின கையோட வாங்கினது. முன்னுக்கும் பின்னுக்கும் பட்டை ஸ்பிரிங், முன் அக்சிலும் ஒரே துண்டு. ஏறியிருந்தால் முதுகு முறியும், அது வேற கதை. மாரியில வாய்க்கால் கரையில புது வாகனங்கள் சில்லைச் சுத்திக்கொண்டு நிக்கேக்க இது லோ றேஞ்சில உறுமி உறுமி ஏறிப் போகும். விதைநெல், உரம், பம்ப், பெடி பெட்டை, எல்லாம் அதிலதான்.

வித்துப்போட்டுப் புதுசு வாங்கலாமே எண்டு கேக்காதேங்கோ. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினது, எங்களைப் போல ஆக்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திறந்தது. திறந்தும் வரியைக் கேட்டால் தலை சுத்தும். அதால இருக்கிறதைத் திருத்துவம் எண்டு நினைச்சம்.

உண்மையில அதுக்குப் பெரிய வருத்தமும் இல்லை. காலமை ஸ்டார்ட் பண்ணேக்க கொஞ்சம் நீலப் புகை, ஹெட் கஸ்கற்றால ஒயில் கசிவு, பின் ஸ்பிரிங் பிடிக்கிற இடத்தில சேஸியில துரு. மெக்கானிக் அண்ணை பார்த்திட்டு, ரிங், பெயாரிங், கஸ்கற் செற், டைமிங் பெல்ற் எல்லாம் சேர்த்து மூண்டரை லட்சத்துக்குள்ள முடிப்பன் எண்டவர். நான்தான் ஆசைப்பட்டன். வீடியோவில பார்த்த மாதிரி டர்போ வேணும், ரெண்டு இஞ்சி உயர்த்த வேணும், பெரிய ரயர் வேணும். அப்பா "எங்களுக்கு ஏன்ரா உது" எண்டு ஒரு தரம்தான் கேட்டவர்.

ஆனி மாசம் கொண்டுபோனம். அந்தக் கராஜின்ர பாஸ், பெரிய மெக்கானிக், செய்த வேலையை இப்பவும் யோசிச்சுப் பார்க்கிறன். பொனற்றைத் திறக்க முதல் கையை வச்சு, கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டவர். பிறகு அப்பாவைப் பார்த்து நல்ல தமிழில, "ஐயா, இது வயல் வாகனம். நீங்கள் கிளச்சில காலை வச்சுக்கொண்டு ஓடுறனீங்கள், ஆனால் ஒயில் மட்டும் நேரத்துக்கு மாத்தியிருக்கிறியள்" எண்டார். அப்பான்ர முகம் மலர்ந்து போச்சு. அவரை வாகனத்தை வச்சு ஆரும் புகழ்ந்ததில்லை. தேத்தண்ணி வந்தது. நான் அட்வான்ஸ் எண்டு காசை எடுக்க, "காசுக்கு என்ன அவசரம், முதல்ல கழட்டிப் பாப்பம்" எண்டு கையைத் தள்ளிவிட்டவர். அண்டைக்குக் காசை வாங்கியிருந்தால் நான் கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருப்பன். வாங்காத மனுசனை எப்பிடிச் சந்தேகப்படுறது? அடுத்த கிழமை நானே பாங்கில மூண்டு லட்சம் போட்டன்.

பிறகு ஒரு படம் வந்தது. கிராங் சாஃப்ற் தேஞ்சு போச்சாம், ஜப்பான் ரீகண்டிஷன் 3 எல் எஞ்சின் ஒண்டு கையில இருக்காம், அதுதான் டர்போவுக்குத் தாங்குமாம். நாலு லட்சம். பிறகு பெயிண்ற், ஸ்பிரிங், டீசல் பம்ப் கலிபிறேஷன் எண்டு ரெண்டு லட்சத்து நாற்பதாயிரம். மொத்தம் 9,40,000. இதில நாலு லட்சம் அம்மா அடகு வச்ச நகை.

ஆறு கிழமை எண்ட வேலை நாலு மாசம் இழுபட்டது. அவை சொன்ன சாட்டுகள்: வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில சாமான் தட்டுப்பாடு. போயா லீவு. பெயிண்ற் காயேல்லை, மழை. பெயிண்ற் அடிக்கிற பெடியனுக்கு டெங்கு. ஒருக்கா அவையே நல்லூர்த் திருவிழா முடிய வாங்கோ எண்டினம். கொழும்புக் கராஜுக்கும் நல்லூருக்கும் என்ன சம்பந்தம் எண்டு அப்ப கேக்கத் தோன்றேல்லை.

ஐப்பசி பிறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னம் எடுத்தம். பார்க்க மாப்பிள்ளை மாதிரி நிண்டது, பொய் சொல்லக்கூடாது. முறிகண்டிப் பிள்ளையாருக்கு உடைக்க அப்பா வழியில ரெண்டு தேங்காய் வாங்கி வச்சவர். ரன்னிங்-இன், அதாவது மாத்தின எஞ்சினைப் பழக்கிற ஓட்டம் எண்டபடியால் ஐம்பதுக்கு மேல ஓடேல்லை. மதவாச்சி தாண்டச் சூட்டு முள்ளு பாதிக்கு மேல. வவுனியாவில நிப்பாட்டி ஆறவிட்டம். புளியங்குளத்தில கொதிச்சுத் தண்ணி வெளியில. முறிகண்டிக்குப் போய்ச் சேரேல்லை, அந்தத் தேங்காய் ரெண்டும் இன்னும் சீற்றுக்குக் கீழ கிடக்கு. அங்கயிருந்து கட்டியிழுத்துத்தான் கொண்டுவந்தம்.

போன் எடுத்தன். முதல் பதில், "நீங்கள் வன்னித் தண்ணி ஊத்தியிருப்பியள், அது கல்சியம் தண்ணி." நாங்கள் வீட்டுக்கே வந்து சேரேல்லை, எங்கட கிணத்துத் தண்ணியை எங்க ஊத்துறது? ரெண்டாம் பதில், டீசல் சரியில்லை. மூண்டாம் பதில், அப்பாக்கு டர்போ வாகனம் ஓடத் தெரியாது. அந்த வாகனத்தைப் பதினாலு வருசம் ஓடின மனுசனுக்கு! அதுக்குப் பிறகு மெசேஜ் போட்டால் வாசிச்சதுக்கு நீலச் சரி விழும், பதில் வராது.

நேற்று ஹெட்டை, சிலிண்டருக்கு மேல மூடியிருக்கிற பாகத்தை, கழட்டினது. வால்வுகளுக்கு நடுவால வெடிப்பு. இந்த எஞ்சினில டீசல் நேர சிலிண்டருக்குள்ள விழுறேல்லை, ஹெட்டுக்குள்ள இருக்கிற சின்ன அறையிலதான் முதல் பத்தும். அதால ஹெட்டுக்குத்தான் சூடு கூட. அதுக்கு மேல டர்போவைப் பூட்டி, பம்பையும் கூட்டித் திறந்துவிட்டு, புகைச் சூடு பார்க்க ஒரு மீற்றரும் போடாமல் விட்டால் வெடிக்காமல் என்ன செய்யும் எண்டார் அண்ணை.

அதைக்கூட வேலைப்பிழை எண்டு விடலாம். பிறகு அவர் சிலிண்டரை அளந்தார். 92 மில்லிமீற்றர். 3 எல்லுக்கு 96 இருக்க வேணும். ஒண்டும் பேசாமல் சாக்கில பெற்றோல் நனைச்சு பிளொக்கில புதுப் பெயிண்ற்றைத் துடைச்சார். கீழ வார்ப்பிலயே எழுதியிருக்கு: 2 எல். 2.4 லீற்றர் எஞ்சின். வெளியால பார்த்தால் ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி, என்னைப் போல ஆளுக்கு வித்தியாசம் தெரியாது. டைமிங் பெல்ற்றும் பழசு, பல்லடியில வெடிச்சிருக்கு. அதுக்கும் சேர்த்துத்தான் காசு எடுத்தவை. சேஸித் துருவில புட்டி அப்பி மேல தார் அடிச்சிருக்கு, காந்தம் ஒட்டுதில்லை.

அப்ப அப்பான்ர 3 எல் எங்க? இப்பக் கேட்டால், "கழட்டின சாமான் கராஜுக்குத்தான், அதுதான் வழமை" எண்டு ஒரு வரி. ஒயில் மாத்தி மாத்தி வச்சிருந்த எஞ்சின். ரிங் மாத்தினால் இன்னும் பத்து வருசம் ஓடியிருக்கும். இப்ப வாகனப் பதிவுப் புத்தகத்தில ஒரு எஞ்சின் நம்பர், வாகனத்தில வேற நம்பர். விக்கவும் ஏலாது, பொலிஸ் மறிச்சால் பதில் சொல்லவும் ஏலாது. அப்பா பார்த்திட்டு ஒண்டும் சொல்லேல்லை, எழும்பி வயலுக்குப் போயிட்டார். ஏசியிருந்தால் நல்லாயிருக்கும்.

பில்லைப் பார்த்தால் "வேலைக்கூலியும் சாமானும்" எண்டு மட்டும்தான். 9,40,000 ரூபாக்கு ரெண்டு சொல்லு.

இப்பிடி வாகனம் குடுக்கிறதுக்கு என்னென்ன பார்க்க வேணும் எண்டு விளக்கமா எழுதுவம் எண்டுதான் தொடங்கினன், மனம் ஓடுதில்லை. குடுக்க முதல் எஞ்சின் நம்பர், சேஸி நம்பர், பிளொக்கின்ர வார்ப்பெழுத்து எல்லாம் திகதியோட படம் எடுங்கோ. கழட்டின சாமான் எனக்கு வேணும் எண்டு எழுதி வாங்குங்கோ. எஞ்சின் மாத்துறதெண்டால் எந்த நம்பர் எண்டு பில்லில இருக்க வேணும். புது பெயிண்ற் எண்டால் ஒரு காந்தத்தைக் கொண்டு போங்கோ. பழைய டீசலுக்கு டர்போ கேக்காதேங்கோ. நுகர்வோர் முறைப்பாட்டுக்குப் போன் நம்பர் 1977, நான் நாளைக்கு அடிக்கப்போறன்.

ஒரு உதவி. பஞ்சிகாவத்தையிலயோ வேற எங்கயோ 3 எல் எஞ்சின் ஒண்டு விலைக்கு வந்தால் ஒல்ரனேற்றர் பிடிக்கிற பிராக்கற்றை ஒருக்காப் பாருங்கோ. அது 2014இல வயலுக்க வச்சு உடைஞ்சு, பித்தளை வச்சு ஒட்டினது. மஞ்சளாத் தெரியும். அப்பிடி ஒண்டைக் கண்டால் நம்பரைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ, எந்த நேரமெண்டாலும் பரவாயில்லை.