பிளாத்தா, ஹியூஸா: யாரை முதலில் வாசிப்பது?

புதுச்சேரி வாசக நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத்தும் ஆங்கிலேயக் கவிஞர் டெட் ஹியூஸும் 1956இல் மணந்துகொண்டவர்கள்.

வலி: பிளாத், வெங்காயத்துக்குப் பதில் வெட்டுப்பட்ட கட்டைவிரலை உற்றுப் பார்க்கிறார். ஹியூஸ், மறைந்த மனைவியை ‘நீ’ என்றழைத்து நினைவுகூர்கிறார். பழி பெரும்பாலும் விதிமேல்.

பெண்: பிளாத்தின் கவிதையில், தைக்கும், சமைக்கும் என்று மனைவியைச் சரக்காக விற்கிறான் ஒருவன். பெண் பார்க்கும் படலம் கண்ட நமக்குச் சுருக்கென்று தைக்கும். ஹியூஸின் கவிதையில், இளஞ்சிவப்புக் கம்பளி உடையில் மணப்பெண்.

அதிகாரம்: இங்கேதான் எனக்கு மனம் ஆறவில்லை. பிளாத் 1963இல் இறந்தார். 1965இல் அவரது ‘ஏரியல்’ கவிதைத் தொகுப்பு வெளிவந்தபோது சில கவிதைகளை நீக்கி, வரிசையை மாற்றியவர் ஹியூஸ். அவர் தன் தரப்பை ‘பர்த்டே லெட்டர்ஸ்’ கவிதை நூலாக வெளியிட்டது 1998இல்; பதில் சொல்ல பிளாத் இல்லை.

இழப்பின் துயரம் வேண்டுமென்றால் ஹியூஸ். மணவாழ்வில் அதிகாரம் யார் கையில் என்று யோசிப்பவருக்கு பிளாத்தான், அதுவும் அவர் வைத்த வரிசையிலேயே 2004இல் வந்த ‘ஏரியல்’ பதிப்பு.