மாத வட்டிக்கு ஆசைப்பட்டு 4,80,000 ரூபாயைத் தொலைத்தேன், நீங்களும் மாட்டிக்கொள்ளாதீர்கள்

இன்று மத்தியானம் மதுரை கோர்ட்டிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு இதை எழுதுகிறேன். என் 4,80,000 ரூபாயை விழுங்கிய ஆளுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. நாங்கள் வெளியே வரும்போது அவருடைய சொந்தக்காரர்கள் மரத்தடியில் ஸ்வீட் பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வழக்கு நடப்பதால் பெயர் போடவில்லை. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் ஏசி போட்டு அவர் நடத்திய ஒரு நிதி நிறுவனம். லட்சத்துக்கு மாதம் 2,500 ரூபாய் வட்டி என்றார்கள்.

நான் ஒன்றும் கேட்டவுடன் கொடுத்துவிடவில்லை. மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "அக்கா, மொத்தமும் போடாதீங்க. ஒரு லட்சம் போட்டுப் பாருங்க, பிடிச்சா அப்புறம் பார்ப்போம்." அங்கேதான் விழுந்தேன். பிடுங்க வந்தவன் நிதானமாப் போங்க என்று சொல்வானா என்று நினைத்தேன். இரண்டு மாதம் 5-ம் தேதி தவறாமல் வட்டி வந்தது. அப்புறம் மகளின் படிப்புக்கு என்று எடுத்து வைத்திருந்ததையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொட்டினேன். ஆக மொத்தம் 4,80,000.

வட்டி நின்றதும் சாக்குப்போக்கு ஆரம்பித்தது. முதலில் "சர்வர் மாத்துறோம் அக்கா". அடுத்து "ஆடிட்டிங் நடக்குது". அதற்கடுத்து "ஆடி கழியட்டும்". ஆடி கழிந்தபோது மாடியில் பூட்டு தொங்கியது. அந்த மேனேஜர் போனை எடுத்து, "நானும் சம்பளக்காரன்தான் மேடம்" என்றார். அக்கா மேடமாகிவிட்டேன், கவனியுங்கள்.

பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கப் போனால், அங்கே இருந்த ஒருவர், "இவ்வளவு வட்டி எவன் கொடுப்பான், யோசிக்க வேண்டாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்கிற நேரமா அது?

என் தம்பி மகன் சட்டம் படிக்கிறான். வரும் வழியிலேயே அவனிடம் கத்தினேன். "அத்தை, ஜாமீன்னா விடுதலை இல்ல. தீர்ப்பு வர்ற வரைக்கும் யாரையும் குற்றவாளின்னு சொல்லக்கூடாது" என்றான். அவன் இன்னொன்றும் சொன்னான், அதைக் கேட்டுத்தான் எனக்கு இன்னும் எரிகிறது. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. மோசடி செய்து பணம் பறித்தால் 7 ஆண்டு வரை. முதலீட்டாளர் நலன் காக்க 1997-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தில் 10 ஆண்டு வரை போடலாமாம். அதாவது, காகிதத்தில் பார்த்தால் எங்கள் ஆளுக்குத்தான் தண்டனை அதிகம்!

நடப்பதைப் பாருங்கள். சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியின் கணக்கு மோசடி வெளிவந்தது 2009 ஜனவரியில். 7 ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது 2015 ஏப்ரலில். அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனையை நிறுத்திவைத்து வெளியே விட்டார்கள். திருப்பூரில் பாசி என்ற நிதி நிறுவனம் செய்த மோசடி வழக்கில் கோவை சிறப்பு நீதிமன்றம் 27 ஆண்டு கொடுத்தது, சரி, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு 2022-ல் வந்தது. மோசடி வெளிவந்தது 2009-ல். அன்றைக்குப் பிறந்த குழந்தை எட்டாம் வகுப்புக்கே போயிருக்கும்.

இன்றைக்கு எங்களோடு பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மகன் செல்போன் திருடிய வழக்கு. அந்தப் பையனுக்கும் ஜாமீன் கொடுத்துவிட்டார்களாம். ஆனால் கையெழுத்துப் போட இரண்டு ஜாமீன்தாரர் கிடைக்காமல் பையன் இன்னும் உள்ளே இருக்கிறான். எங்கள் ஆளுக்கு ஜாமீன்தாரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்று தம்பி மகன் சொல்கிறான். சொல்லட்டும்.

அவர் 10 ஆண்டு உள்ளே இருந்தாலும் என் 4,80,000 திரும்பாது என்பதும் எனக்குத் தெரியும். சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, எல்லோருக்கும் பங்கு பிரித்தால்தான் ஏதோ கொஞ்சம் வரும். அதற்குள் மகள் படித்து முடித்துவிடுவாள், கடனில்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை, இவ்வளவுதான்:

பணம் போடும் முன் ரிசர்வ் வங்கியின் சசேத் (Sachet) இணையதளத்தில் அந்த நிறுவனத்துக்கு டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா என்று தேடுங்கள். சீட்டு என்றால் பதிவுத்துறையில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஜி.எஸ்.டி. சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள், அது டெபாசிட் வாங்க அனுமதி இல்லை.

வெட்கப்பட்டுக்கொண்டு புகார் கொடுக்காமல் இருக்காதீர்கள். எங்கள் தெருவில் மூன்று பேர் இன்னும் கொடுக்கவில்லை.

அப்புறம், நேற்று ஒரு புரோக்கர் வந்து, "போட்ட பணத்துல நாற்பது சதவீதம் வாங்கித் தர்றேன், ஒரிஜினல் டெபாசிட் பத்திரத்தை மட்டும் கொடுங்க" என்றான். உங்களிடமும் வருவான். கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.